அம்பத்தஞ்சு சதவீதம்

பிரிட்டா: இன்னும் அஞ்சே நிமிஷம்மா. ப்ளீஸ்.

அம்மா: இதையேதான் அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடியும் சொன்ன.

பிரிட்டா: வயிறு வலிக்குது.

அம்மா: எந்தப் பக்கம்?

பிரிட்டா: நடுவுல.

அம்மா: நடுவுல வலிச்சா அது பயம். வலது பக்கம் கீழ வலிச்சாதான் ஆஸ்பத்திரி. கதவைத் திற, இறங்கு.

பிரிட்டா: வீட்டுக்கே போயிரலாமா?

அம்மா: டெகோராலேருந்து டெமாய்ன் வரைக்கும் மூணரை மணி நேரம் ஓட்டிட்டு வந்திருக்கேன். கோழியா மீனான்னு கேட்டதுக்குக் கோழின்னு எழுதிக் குடுத்தாச்சு. இப்போ வீட்டுக்கா?

பிரிட்டா: சும்மா ஒரு வருஷாந்திரச் சாப்பாடுதானே. ஒரு வருஷம் நீ போகலன்னா சங்கத்தைக் கலைச்சிருவாங்களா?

அம்மா: சும்மா சாப்பாடுதானா?

பிரிட்டா: ஆமா. சும்மாதான்.

அம்மா: அப்போ நீ எதுக்கு வந்த? பதினஞ்சு வயசுப் பொண்ணு. சனிக்கிழமை சாயங்காலம். சிவில் கேஸ்ல பிரதிவாதிக்கு வாதாடற வக்கீலுங்க முந்நூறு பேர் கூடிச் சாப்பிடற இடத்துக்கு 'நானும் வரேன்'னு அடம் பிடிச்சு வர்ற.

பிரிட்டா: எனக்குக் கோழி பிடிக்கும்.

அம்மா: நீ கறி சாப்பிடறதை விட்டு ஒரு வருஷமாச்சு.

பிரிட்டா: அப்போ ரொட்டி சாப்பிடறேன்.

அம்மா: கையில என்ன?

பிரிட்டா: டிஷ்யூ.

அம்மா: டிஷ்யூவுல டைப் அடிச்சிருக்கு.

பிரிட்டா: அம்மா, இப்படி என்னைக் குறுக்கு விசாரணை பண்ணாத.

அம்மா: ஆமா, இல்ல... ரெண்டுல ஒண்ணு சொல்லு. எங்க ஆபீஸ் லைல் உனக்கு மெயில் போட்டானா?

பிரிட்டா: ஆட்சேபம்.

அம்மா: கார்ல ஜட்ஜ் கிடையாது. ஆட்சேபம் செல்லாது.

பிரிட்டா: அய்யோ, அவரே வர்றார் பாரு. கண்ணாடியை இறக்காத. இறக்காதம்மா... இறக்கிட்ட.

லைல்: ஜனெல்! என்ன, கார்லயே குடித்தனம் பண்றீங்க? எல்லாரும் உள்ள உக்காந்தாச்சு.

அம்மா: ஏன் லைல், இன்னிக்கு என்ன விசேஷம்?

லைல்: விசேஷமா? ஒரு விசேஷமும் இல்ல. சாதாரணச் சாப்பாடு. போன வருஷம் மாதிரியே காஞ்ச கோழி. மெதுவா வா. ஆனா ஏழு மணிக்குள்ள வா.

அம்மா: ஏழு மணிக்கு என்ன?

லைல்: ஏழு மணிக்கு... ஏழு மணி ஆகும்.

அம்மா: உன் ஆபீஸ்ல உக்காந்து பதினெட்டு வருஷம் வேலை பார்த்திருக்கேன். நீ டை கட்டி இன்னிக்குத்தான் பாக்கறேன்.

லைல்: என் பொண்டாட்டி கட்டிவிட்டா. பிரிட்டா, நல்லா இருக்கியாம்மா? ரெடியா?

பிரிட்டா: எதுக்கு ரெடி அங்கிள்?

லைல்: அதானே. எதுக்கு? கோழிக்கு.

அம்மா: கண்ணுல என்ன லைல், தூசியா? ரொம்ப சிமிட்டற.

லைல்: தூசிதான். மக்காச்சோள அறுப்பு நேரம் பாரு, ஊரெல்லாம் தூசி. நான் போறேன். ஏழு மணி.

அம்மா: பாவம். இவனைச் சாட்சிக் கூண்டுல ஏத்தினா நாலாவது கேள்வியில அவனே குற்றவாளின்னு ஒத்துக்குவான்.

பிரிட்டா: உனக்கு எல்லாம் தெரியுமா?

அம்மா: எதெல்லாம்?

பிரிட்டா: விருது.

அம்மா: போன வருஷம் வரைக்கும் அந்த விருதுக் குழுவுல இருந்தவ நான். விருது வாங்கற ஆளுக்குச் சொல்லாம வர வைக்கறது, வீட்டு மனுஷங்களைத் திருட்டுத்தனமா மேடை ஏத்திப் பேச வைக்கறது, எல்லாம் நான் எழுதி வச்ச முறை. மூணு வாரமா நீ பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு 'மாண்புமிகு உறுப்பினர்களே'ன்னு சொல்லிப் பழகினா எனக்குத் தெரியாதா?

பிரிட்டா: அப்போ ஏன் சொல்லல?

அம்மா: ஆச்சரியப்படற மாதிரி மூஞ்சிய வச்சுப் பழகிட்டிருந்தேன். இப்படி... எப்படி இருக்கு?

பிரிட்டா: பல்வலி மாதிரி இருக்கு.

அம்மா: இன்னும் பழகணும். சரி, இதுல பயப்பட என்ன இருக்கு? உள்ள இருக்கறவங்க எல்லாம் நல்லவங்கதான். தெருவுல எங்களைப் பார்த்து யாரும் கை தட்டமாட்டாங்க. யாராவது கால் உடைஞ்சு கேஸ் போட்டா, உடைச்ச பக்கம் நின்னு பேசறவங்க நாங்க. அதனால வருஷத்துக்கு ஒரு தடவை எங்களுக்கு நாங்களே தட்டிக்கறோம். நீ நாலு வார்த்தை படி, இறங்கி வா. முடிஞ்சுது.

பிரிட்டா: என்னால முடியாதும்மா.

அம்மா: ஏன்?

பிரிட்டா: முள்ளங்கி சார் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

அம்மா: எந்த முள்ளங்கி?

பிரிட்டா: எத்தனை முள்ளங்கி இருக்காங்க?

அம்மா: கேஸ் போட்டவங்க எல்லாருக்கும் நான் காய்கறிப் பேருதானே வைப்பேன். சமையல்கட்டுல உன்கிட்ட பேசும்போது நிஜப் பேரு வாயில வந்துறக் கூடாதுன்னு. பூசணிக்கா அம்மா, முட்டைக்கோஸ் தம்பதி...

பிரிட்டா: ஏணியிலேருந்து விழுந்த முள்ளங்கி.

அம்மா: ஓ.

பிரிட்டா: லைல் அங்கிள் பேச்சுக்குக் குறிப்பு அனுப்பினார். இதோ பாரு. 'ஜனெலின் மிகச்சிறந்த வெற்றி.' அதுல கேஸ் பேரு போட்டிருக்கு. வோல்டன் எதிர் ஏணிக் கம்பெனி. ஆர்லின் வோல்டன். எங்க பழைய ஸ்கூல் பஸ் டிரைவரும்மா!

அம்மா: தெரியும்.

பிரிட்டா: இப்போ பஸ் ஓட்டறதில்ல. ஸ்கூல் முன்னாடி ரோட்டைக் கடக்கற இடத்துல, கையில 'நில்' பலகையைப் பிடிச்சுக்கிட்டு மடக்கு நாற்காலியில உக்காந்திருக்கார். கார் வந்தா எந்திரிக்கணும். எந்திரிக்கறதுக்குள்ள கார் போயிருது. தினம் காலையில 'குட் மார்னிங் பிரிட்டா'ங்கறார். நானும் 'குட் மார்னிங் மிஸ்டர் வோல்டன்'ங்கறேன். ரெண்டு வருஷமா! அவர் ஏன் பஸ்ஸை விட்டார்னு நான் ஒரு தடவை கூடக் கேக்கல.

அம்மா: கண்ணு, அது கோர்ட்டு முடிச்ச விஷயம். ஏணியைச் சரளைக்கல் மேல சாய்ச்சு வச்சிருந்தார். கீழ பிடிச்சுக்க ஆளில்ல. கூரை ஓரத் தண்ணிக் குழாய்ல அடைச்ச இலையை ஒத்தையா அள்ளினார்.

பிரிட்டா: ஏணிக் காலுல இருந்த ரப்பர் கழண்டுச்சு. நீயேதான் சொன்ன.

அம்மா: அதையும் சொன்னேன், இதையும் சொன்னேன். எட்டு பேர் ஜூரி கேட்டாங்க. தப்புல அவர் பங்கு அம்பத்திரெண்டு சதவீதம்னு எழுதினாங்க. அம்பதுக்கு மேல போனா அவருக்கு ஒண்ணும் கிடையாது. அயோவா சட்டம் அது. நான் எழுதின சட்டம் இல்ல.

பிரிட்டா: வியாழக்கிழமை நான் அவர்கிட்ட கேட்டேன்.

அம்மா: என்ன கேட்ட? பிரிட்டா, நீ அவர்கிட்ட கேஸைப் பத்திப் பேசவே கூடாது.

பிரிட்டா: கேஸைப் பத்தி இல்ல. இடுப்பு எப்படியிருக்குன்னு கேட்டேன். அவ்வளவுதான். அவரா சொன்னார். 'ஏணியை நான்தாம்மா சரியா வைக்கல போல. எட்டு பேர் உக்காந்து யோசிச்சுச் சொல்லியிருக்காங்கல்ல, அப்போ என் தப்பாத்தான் இருக்கும்'னு. சிரிச்சுக்கிட்டே சொன்னார். நான் திரும்பிப் பாக்காம ஸ்கூலுக்குள்ள ஓடிட்டேன்.

அம்மா: அவர் அப்படி நினைக்கறது எனக்குத் தெரியாது.

பிரிட்டா: இன்னொண்ணு இருக்கு. இதைச் சொன்னா நீ என்னைத் திட்டக் கூடாது. திட்டினாலும் பரவால்ல. ஆனா மேடைக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லிறணும். நீ சமையல்கட்டுல கேட்டல்ல? எனக்குப் பதிமூணு வயசு. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, நீ தட்டைக் கழுவிக்கிட்டே ரெண்டு பக்கமும் வாதாடின. முள்ளங்கி சாருக்கு நாற்காலியில ஏறி நின்னுல்லாம் பேசின. அப்புறம் 'ஜூரி, தப்புல அவர் பங்கு எத்தனை சதவீதம், நம்பர் சொல்லுங்க'ன்னு கேட்ட. 'அம்பதுக்குக் கீழ சொன்னா நாளைக்கே கம்பெனிக்காரங்க அவரோட சமரசம் பேசிருவாங்க. மேல சொன்னா கோர்ட்டு'ன்னு சொன்ன. நான் அம்பத்தஞ்சுன்னு சொன்னேன்.

அம்மா: ஞாபகம் இருக்கு.

பிரிட்டா: பொய்ம்மா அது.

அம்மா: என்ன பொய்?

பிரிட்டா: என் மனசுல முப்பதுதான் இருந்துச்சு. ரப்பர் கழண்டா அவர் என்ன பண்ணுவார்? ஆனா கோர்ட்டுன்னா நீ ரெண்டு வாரம் டுபூக்ல தங்கிருவ. அப்பாவுக்கு நைட் ஷிப்ட். என்னை என் ஃப்ரெண்ட் ஆனிகா வீட்டுல விட்டுருவீங்க. ஆனிகா வீட்டுல குதிச்சு விளையாடற ட்ராம்போலின் வாங்கியிருந்தாங்க.

அம்மா: ட்ராம்போலின்.

பிரிட்டா: பெருசு. சுத்தி வலை கட்டினது.

அம்மா: சரி.

பிரிட்டா: சரியா? அவ்வளவுதானா? ரெண்டு வாரம் குதிச்சேன்மா. அவர் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் அலைஞ்சிட்டிருந்தப்போ நான் குதிச்சிட்டிருந்தேன். இப்போ மேடையில நின்னு 'எங்கம்மா வீட்டுல என்னைத்தான் ஜூரியா வச்சுப்பாங்க'ன்னு படிக்கணும், அதுக்கு எல்லாரும் சிரிப்பாங்கன்னு லைல் அங்கிள் அடைப்புக்குறி போட்டு எழுதியிருக்கார். இங்க பாரு, 'சிரிப்பு'ன்னு.

அம்மா: லைல் நகைச்சுவைன்னு எழுதினதுக்கு இதுவரைக்கும் யாரும் சிரிச்சதில்ல.

பிரிட்டா: அம்மா!

அம்மா: எட்டு பேர் தீர்ப்புச் சொன்னாங்க கண்ணு. நீ ஒருத்தி இல்ல.

பிரிட்டா: அந்த எட்டு பேர் வரைக்கும் கேஸ் போனதே என்னாலதானே. நான் முப்பதுன்னு சொல்லியிருந்தா மறுநாளே பேசி முடிச்சிருப்ப. அவருக்குக் கொஞ்சமாவது கிடைச்சிருக்கும். நல்ல டாக்டரைப் பார்த்திருப்பார். இப்போ பஸ் ஓட்டிட்டிருப்பார்.

அம்மா: மூக்கைத் துடை.

பிரிட்டா: டிஷ்யூ இல்ல.

அம்மா: அந்தப் பேப்பர்ல துடை.

பிரிட்டா: இது பேச்சு.

அம்மா: பரவால்ல, துடை. நீ அதைப் படிக்கப் போறதில்ல.

பிரிட்டா: அப்போ லைல் அங்கிள் படிப்பாரா?

அம்மா: யாரும் படிக்க வேண்டாம். நான் மேடை ஏறி, இந்தக் கேஸுக்கு எனக்கு விருது வேண்டாம்னு சொல்லிட்டு இறங்கிடறேன்.

பிரிட்டா: முந்நூறு பேர் முன்னாடியா?

அம்மா: ஆமா. கம்பெனிக்காரங்களும் ரெண்டு மேஜை எடுத்து உக்காந்திருக்காங்க.

பிரிட்டா: ஏன்னு கேப்பாங்களே. அப்போ என் பேரு வருமே. வக்கீல் பொண்ணு ட்ராம்போலினுக்காகப் பொய் சொன்னான்னு ஊர் பூரா... வேண்டாம்மா. நீ விருதை வாங்கிக்கோ. நான் படிக்கறேன். முள்ளங்கியை மட்டும் விட்டுட்டுப் படிக்கறேன்.

அம்மா: உன் பேரு வராது.

பிரிட்டா: எப்படி வராம இருக்கும்?

அம்மா: அந்த வாரம் நான் உன்னை மட்டும் கேக்கல. உங்கப்பாவைக் கேட்டேன். முப்பத்தஞ்சுன்னார். லைலைக் கேட்டேன். இருபதுன்னான். வாழ்க்கையில கம்பெனியைத் தவிர யாருக்கும் வாதாடாத லைல், அவனே இருபதுன்னான். ஆபீஸ்ல டைப் அடிக்கற அம்மாவைக் கேட்டேன். 'இதெல்லாம் ஒரு கேள்வியா, அந்த மனுஷனுக்குக் குடுத்துத் தொலைங்க'ன்னாங்க.

பிரிட்டா: அப்போ... அம்பதுக்கு மேல சொன்னது நான் மட்டும்தானா?

அம்மா: நீ மட்டும்தான்.

பிரிட்டா: அப்புறம் ஏன் என் நம்பரை எடுத்துக்கிட்ட?

அம்மா: கம்பெனிக்குக் கடிதம் எழுதணும். 'சம்பந்தமில்லாத ஒருத்தரிடம் சோதித்துப் பார்த்தேன், கோர்ட்டுக்குப் போகலாம்'னு எழுதினேன். வயசு எழுதல. அவங்களும் கேக்கல.

பிரிட்டா: உனக்கு சமரசம் வேண்டாமா?

அம்மா: அதுக்கு முந்தின நாலு கேஸும் சமரசம். எனக்கு ஒரு தீர்ப்பு வேணும்னு இருந்துச்சு. இந்த மாதிரி ஒரு சாப்பாடு, இந்த மாதிரி ஒரு மேடை... அதுக்குத் தீர்ப்பு வேணும். சமரசத்துக்கு யாரும் கை தட்டறதில்ல.

பிரிட்டா: ஆனா நான் முப்பதுன்னு சொல்லியிருந்தா? நிஜத்தைச் சொல்லியிருந்தா நீ நிறுத்தியிருப்பல்ல? ஜூரி நான்தானே! நீ என்னை நம்பித்தானே கேட்ட?

அம்மா: கண்ணு... அன்னிக்கு நீ நம்பர் சொல்றதுக்கு முன்னாடியே, ஆனிகா அம்மாகிட்ட பேசிட்டு, உன் துணியெல்லாம் ஒரு பையில கட்டி, கார் டிக்கியில வச்சிட்டு வந்துதான் நான் உன்னைக் கேட்டேன்.