ரெண்டாவது கேமரா

ஷமீமா: நிறுத்தவா, இன்னொரு தடவ ஓட்டவா?

குழந்தைசாமி: ஓட்டுங்க தங்கச்சி... பாலத்துலேருந்து.

ஷமீமா: நான் கம்ப்யூட்டர்ல செஞ்ச விபத்துப் படத்துல இது மேலேருந்து பாக்குற கேமரா. குடுமியான்மலை ரோடு. ஒங்க காரு. இடப்பக்கம் பாலத்துச் செவுரு. செவுத்துக்குப் பின்னால, அடிபட்ட ராக்கன் குனிஞ்சு ஆட்ட இழுத்துக்கிட்டு வாராரு. இங்க மார்க்கர் வச்சிருக்கேன். இது வந்ததும் தானா ரெண்டாவது கேமராவுக்கு மாறிடும். அது டிரைவரோட கண்ணு.

குழந்தைசாமி: மாறாம மேலேருந்தே காட்டிப்புட்டா?

ஷமீமா: மேல இருக்குறவனுக்கு எல்லாம் தெரியும்ணே. ஒங்களுக்குத் தெரிஞ்சுதாங்குறதுதான் கேஸு.

குழந்தைசாமி: ம்... அமுதா, நீ போயி டீ சொல்லிட்டு வா.

அமுதவல்லி: வேணாம்ப்பா.

ஷமீமா: அட, பேச வருமா ஒங்க மகளுக்கு! வந்ததுலேருந்து சத்தத்தையே காணோம்.

குழந்தைசாமி: வேலை வந்திருக்குல்ல, அந்த யோசனை. மணமேல்குடி தாலுக்கா ஆபீஸு. திங்கக்கெழம சேரணும். நீங்க ஓட்டுங்க.

ஷமீமா: இந்தா, மாறிடுச்சு. ஒங்க கண்ணு. செவுத்துக்கு மேல ராக்கன் தலைத்துண்டு தெரியுது பாருங்க.

குழந்தைசாமி: தெரியக் கூடாதே... நாளைக்குக் கோர்ட்டுல இதயா போடுவீக? ஆளு மறைஞ்சுதான் வந்தாருன்னு வக்கீலு எழுதியிருக்காரு.

ஷமீமா: செவுத்த நானே போயி அளந்தேன்ணே.

குழந்தைசாமி: அப்ப என் கண்ணத் தாழ்த்துங்க.

ஷமீமா: பேருதான் குழந்தை, ஆளு பனமரம். எங்கிட்டுத் தாழ்த்துறது?

குழந்தைசாமி: வெளையாடாதீங்க... கொஞ்சம் எறக்குங்க.

ஷமீமா: இவ்வளவு?

குழந்தைசாமி: இன்னும்.

ஷமீமா: இப்ப?

குழந்தைசாமி: இன்னும் கொஞ்சம்... துண்டு தெரியுது பாருங்க. அதுவும் வெள்ளையாப் போட்டிருக்கீக. செவப்புல்ல அது.

ஷமீமா: செவப்பா?

குழந்தைசாமி: என்ன?

ஷமீமா: ஆளயே பாக்கலன்னு எழுதிக் குடுத்திருக்கீக. துண்டு மட்டும் செவப்பாத் தெரிஞ்சுதா?

குழந்தைசாமி: அது... பெறகு பாத்தேன். ரோட்டுல கெடந்துச்சு.

ஷமீமா: போட்டோவுல பாத்தேனே. ரோட்டுல கெடந்தது பூரா ரத்தம். எது செவப்பு, எது வெள்ளைன்னு எனக்குத் தெரியல.

குழந்தைசாமி: தங்கச்சி... இப்பத் துண்டு மறைஞ்சிருச்சு. இதே இருக்கட்டும். ரெண்டர் போடுங்க.

ஷமீமா: போட்டா விடியக் காலைல படம் வந்துரும். ஆனா இது ஒங்க கண்ணு இல்லண்ணே. ஸ்டீயரிங்குக்கு மேல ஒரு சாண் கூட இல்ல.

குழந்தைசாமி: நான் சாஞ்சு உக்காந்து ஓட்டுவேன்.

ஷமீமா: சாஞ்சா பின்னால போவும். இவ்வளவு கீழ வராது. எதிர்த்தரப்பு வக்கீலு ஒங்கள எந்திரிச்சு நில்லுங்கம்பாரு. அப்ப?

குழந்தைசாமி: நிப்பேன். ஜெயிலுன்னாலும் நாந்தானே போறேன்... ஒங்களுக்கு என்ன?

ஷமீமா: ராக்கனுக்கு ரெண்டு காலையும் எடுத்துட்டாகளாம். படத்துல எம்பேரும்ல வரும்.

குழந்தைசாமி: போடுங்கன்னா போடுங்களேன்!

ஷமீமா: கத்தாதீங்கண்ணே. யாரோட கண்ணுன்னு மட்டும் சொல்லுங்க... அந்த எடத்துல வைக்கிறேன்.

குழந்தைசாமி: என் கண்ணுதான். எத்தன தடவ கேப்பீக? அமுதா, எந்திரி, போவோம்.

ஷமீமா: உக்காருங்கண்ணே...

குழந்தைசாமி: எந்திரிங்குறேன்ல! நீ வாயத் தொறக்கக் கூடாது, சொல்லிப்புட்டேன்.

அமுதவல்லி: அக்கா... கேமராவ இன்னும் முன்னாடி தள்ளுங்க. நான் ஸ்டீயரிங்க ஒட்டித்தான் உக்காந்திருந்தேன். அப்பா கண்ண இடப்பக்கத்து சீட்டுல வைங்க.