பீரோவுக்கு அந்தப் பக்கம்

சத்தியமா, சொல்றது அத்தனையும் நெசம் தம்பி. ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னேன்னா இந்தக் கோர்ட்டுக் கூரை என் தலையிலயே விழட்டும். நீங்க எதுக்கும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க.

ஒரு வருஷமா பட்ட பாடு இன்னைக்கு மண்ணாப் போச்சு. நீங்களும் விவாகரத்துக்குத்தானே? மூஞ்சியே சொல்லுது. அப்ப ஒண்ணு கேட்டுக்குங்க, தனி வக்கீலா வையுங்க. நாங்க ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல். யாரு நிறையப் பேசுறாங்களோ அவங்க பக்கம் சாஞ்சுடுறான். நான் எங்க பேசுறேன்... வாயில்லாப் பூச்சி.

காரணமா? பொய்யாம். நான் பொய் சொல்றேனாம். பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்த அம்மாகிட்ட, எம் பொண்டாட்டி சின்ன வயசுல சர்க்கஸ்ல கம்பி மேல நடந்தவன்னு பெருமையாத்தான் சொன்னேன். அந்தம்மா துணிக் கொடியைக் காட்டி, "ஒரு தடவை நடந்து காட்டுங்கக்கா"ன்னுட்டா. அவ்வளவுதான். "பொய்யோட குடித்தனம் பண்ணது போதும்"னு விவாகரத்துக்குக் கிளம்பிட்டா இவ. அவ பொய்யே பேச மாட்டா தம்பி. பெரிய வியாதி அது.

என் பொய்யைக் காரணமாக் காட்டிக் கேஸ் போட்டா இழுத்துக்கிட்டே போகும், சம்மதிச்சுப் பிரிஞ்சா சுலபம்னான் வக்கீல். ஆனா ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும். ஒரே வீடானாலும் பரவாயில்ல, புருஷன் பொண்டாட்டியா இருக்கக் கூடாது, சோறு துணி எல்லாம் தனித்தனின்னான்.

சரின்னு கூடத்துக்கு நடுவுல பீரோவை நிறுத்தினோம். அடுப்பங்கரை அவ பக்கம், குளியலறை என் பக்கம். டிவி அவளுக்கு, ரிமோட் எனக்கு. அவ சீரியல் பாக்கணும்னா பீரோவைத் தட்டணும். நான் நாட்டாமை மாதிரி மாத்தி விடுவேன். சொத்தைப் பிரிக்கும்போது இதெல்லாம் யோசிச்சுப் பிரிங்க தம்பி. நல்லா இருக்கும்.

இதுக்கு நடுவுல எனக்குக் கண்ணு ஆபரேஷன். தெனம் காலைல சொட்டு மருந்து விடணும். எனக்குக் கை நடுங்குது, விட்டா மூக்குல போகுது. ரெண்டு நாள் பாத்தா. மூணாம் நாள் பீரோவைச் சுத்திக்கிட்டு வந்தா. "இது வேற கணக்கு, வாயைத் திறக்காம மேல பாரு"ன்னு விட்டுட்டுப் போயிட்டா. அன்னையிலேருந்து தெனம்.

இன்னைக்கு ஜட்ஜம்மா கூப்பிட்டாங்க. பிரிஞ்சுதான இருக்கீங்கன்னதுக்கு வக்கீலே ஆமான்னுட்டான். முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அப்ப அந்தம்மா என்னைய உத்துப் பாத்து, "பெரியவரே, கண்ணு ஏன் கலங்கியிருக்கு? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"ன்னாங்க.

தூசின்னு சொல்லியிருக்கலாம். எத்தனை பொய் சொன்ன வாயி இது. ஆனா, "இல்லம்மா, காலைல இவ விட்ட சொட்டு மருந்து, இன்னும் எரியுது"ன்னுட்டேன்.

"இவங்களா விட்டாங்க?"

வக்கீல் என் சட்டையைப் புடிச்சு இழுக்குறான். ஜட்ஜம்மா அவ பக்கம் திரும்பி, நெசமான்னு கேட்டாங்க. அவளுக்குத்தான் பொய் வராதே. "ஆமாம்மா, தெனம் நாந்தான் விடுறேன். சோறும் வச்சுட்டு வருவேன், இல்லன்னா பட்டினி கிடந்து தொலைப்பாரு"ன்னா. பூராவும் சொல்லிட்டா.

மனு தள்ளுபடி. நெசமாப் பிரிஞ்சு இருந்துட்டு வாங்கன்னுட்டாங்க. வெளிய வந்ததும் கத்துறா பாருங்க, "ஆயுசுக்கும் பொய் சொன்ன மனுஷன், பொய் வேணுங்கிற அன்னைக்கு உண்மையைச் சொல்லித் தொலைச்சிட்டியே"ன்னு. அதோ, வக்கீல்கிட்ட நிக்கிறா. சிரிக்கிறாளா திட்டுறாளா? எனக்கு இங்கேருந்து தெரியல.

காலைல விட்டது மத்தியானம் வரைக்கும் எரியுமான்னா கேக்குறீங்க? ம்... நீங்க வெவரமான ஆளு. வக்கீலுக்கே இது தோணல.

மருந்து பாட்டில் அவ கைப்பையில இருக்கும். ஜட்ஜம்மா கூப்பிடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, தண்ணி வேணும்னு பையை வாங்கிட்டு அந்தத் தூணுக்குப் பின்னாடி போனேன். ரெண்டு கண்ணுலயும் நானே விட்டேன், ஒரு சொட்டு வெளிய சிந்தல. இந்தக் கையைப் பாருங்க. நடுங்குதா? இது என்னைக்குமே நடுங்கினதில்ல தம்பி.

ஹெல்மெட்டை எடுத்துட்டா. என் ஹெல்மெட்டையும் சேத்துத்தான் எடுத்திருக்கா. இங்கதான் வர்றா. உங்ககிட்ட என்ன பேசிட்டிருந்தேன்னு கேப்பா, மழை வருமான்னு பேசினோம்னு சொல்லிடுங்க. கையைப் பத்தி மட்டும் மூச்சு விட்டுடாதீங்க. என்னைக்காவது தெரிஞ்சாலும், யாரு சொன்னான்னு கேட்டா, நானில்ல.