வண்டிக்கடியில ரெண்டு காலு

...இழுக்காதீங்க தம்பி, இழுக்காதீங்க! கைப்பிடி கையோட வந்துடும். அந்தக் கதவை உள்ள இருந்து திறக்க முடியாதுன்னு சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள ஏறி உக்காந்துட்டீங்க. இருங்க, நான் சுத்தி வந்து திறந்து விடுறேன்... ம், இப்ப இறங்குங்க. பாத்தீங்களா? இதான் இந்த வண்டியோட லட்சணம். டிரைவருக்குப் பக்கத்துல உக்காந்தவங்க யாரா இருந்தாலும், வெளிய இருந்து ஒருத்தர் வந்து திறந்து விட்டாத்தான் விடுதலை.

வண்டி வாங்கின நாள்லேருந்து எனக்கு அதே கதைதான். எங்க போனாலும் அவரு இறங்கி, முன்பக்கமா சுத்தி வந்து, கதவைத் திறந்து விடுவாரு. எதிர் வீட்டம்மா இதைப் பாத்துட்டு, உங்க வீட்டுக்காரரு உங்களை எப்படித் தாங்குறாருன்னு சொல்லி ஒரே பெருமூச்சு. அவங்க வீட்டுக்காரருக்கு அன்னைக்கு நல்ல டோஸ் விழுந்துச்சாம். நான் என்னத்தைச் சொல்றது? ஆமாங்க, அவரு அப்படித்தான்னு சொல்லிட்டு வந்துட்டேன். கைப்பிடி உடைஞ்ச விஷயத்தை எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்லணும்?

என்னது? எந்தக் காலு? ஓ, அதுவா... அது எங்க வீட்டுக்காரரோடது தம்பி. பயந்துட்டீங்களா? முன்சக்கரத்தைப் பலகை மேல ஏத்தி விட்டுட்டு அடியில பூந்துருக்காரு. ஞாயித்துக்கிழமைன்னா அவருக்கு அதான் விலாசம். மூஞ்சியைப் பாக்கணும்னா நான் குனியணும். நீங்க பேசினாலும் அவருக்குக் கேக்காது. காதுல ஒயரை மாட்டிக்கிட்டுப் பழைய பாட்டு கேட்டுட்டு இருக்காரு. அதோ பாருங்க, சாக்ஸ் ஓட்டையில கட்டை விரல் எட்டிப் பாக்குதுல்ல? ஆடுதா? ஆடுச்சுன்னா பாட்டு ஓடுதுன்னு அர்த்தம். அதுபாட்டுக்குத் தாளம் போடும். நாம பாட்டுக்குப் பேசலாம்.

விளம்பரத்தைப் பாத்துட்டு வந்தேன்னு சொன்னீங்கல்ல? அதுல அவரு எடுத்த போட்டோவை நம்பிடாதீங்க. சாயங்கால வெயில்ல எடுத்தா எந்த வண்டியும் மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும். இப்ப நல்லாப் பாருங்க. பானெட்டுல ஒரு கலரு, கதவுல ஒரு கலரு. டிக்கியை மூடணும்னா இடுப்பால ஒரு இடி இடிக்கணும். வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டீங்கன்னா வைப்பர் ஒரு தடவை ஆடி அடங்கும். ஏசி இருக்கே, போட்டா பல்லு தந்தியடிக்கும், நிறுத்தினா வேர்த்து ஊத்தும். நடுவுல ஒண்ணும் கிடையாது. உங்களுக்கு எதுக்கு தம்பி இந்த வயசுல இந்தத் தலைவலி? சின்னதா, புதுசா, பளபளன்னு ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே?

பட்ஜெட்டா? ம்ம்... அது சரி.

ஓடின தூரமா? ரெண்டு லட்சத்தைத் தாண்டி எங்கயோ போயிடுச்சு. அந்தப் பெரிய மீட்டரை எங்க வீட்டுக்காரரு பாக்கவே மாட்டாரு. வயசானவங்ககிட்ட வயசைக் கேக்கறது மரியாதை இல்லையாம். இதை வாங்கப் போன அன்னைக்கே நான் தலையில அடிச்சுக்கிட்டேன். ஒரு பல் டாக்டர் வித்தாரு. இவரு கூடவே நம்ம மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தாரு. எல்லாரும் அந்தாளைத் தாடின்னுதான் கூப்புடுவோம், தாடி எடுத்துப் பல வருஷம் ஆகுது. தாடி ஆயில் மூடியைத் திறந்து பாத்தாரு, புகையை மோந்தாரு, ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டுக் கண்ணை மூடி நின்னாரு. கடைசியில, இன்ஜின் தங்கம், மத்ததெல்லாம் உயிரை வாங்கும்னு சொன்னாரு. இவரு காதுல முதல் பாதி மட்டும்தான் விழுந்துச்சு. எனக்கு ரெண்டாவது பாதி மட்டும். கட்டிக்கிட்ட நாள்லேருந்து நாங்க ரெண்டு பேரும் எதையும் முழுசாக் கேட்டதில்ல.

அதுக்கப்புறம் இவரு பண்ற சேவை இருக்கே! ஆயில் மாத்த வேண்டிய கெடு வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுவாரு. பெல்ட்டு அறுந்தா இன்ஜின் போயிடும்னு, நல்லா இருந்த பெல்ட்டையே கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டினாரு. பிரேக்கு, டயரு எல்லாம் புதுசு. ஒரு நாள் என்னோட பல் தேய்க்கிற பிரஷ்ஷைக் காணோம்னு வீடு பூராத் தேடறேன், இவரு அதை வெச்சுக்கிட்டு பேட்டரி முனையில பூத்திருந்த வெள்ளைப் பொடியைத் தேய்ச்சுட்டு இருக்காரு. சுடுதண்ணி வேற. எனக்குக் காய்ச்சல் வந்தப்போகூட அவ்வளவு பதமாச் சுடுதண்ணி வெச்சுக் குடுத்ததில்ல.

என்ன தம்பி, சிரிக்கிறீங்க? குறிப்பு வேற எடுத்துக்கறீங்க... பெல்ட்டு புதுசு, டயரு புதுசுன்னா? ஐயோ, நான் அதுக்குச் சொல்லல. எவ்ளோ செலவு வைக்கும்னு சொல்றதுக்காகச் சொன்னேன்.

சரி, இதைக் கேளுங்க, பெட்ரோல் முள்ளு வேலை செய்யாது. எப்பப் பாத்தாலும் பாதியிலயே நிக்கும். டேங்க் நிறைஞ்சு இருந்தாலும் பாதி, காலியா இருந்தாலும் பாதி. அதனால இவரு ஒரு வழி வெச்சிருக்காரு. பெரிய மீட்டருக்குக் கீழ குட்டியா ஒரு மீட்டர் இருக்கு பாருங்க, பக்கத்துல ஒரு பட்டன். டேங்கை ரொப்பின உடனே அந்தப் பட்டனை அமுக்கிப் பூஜ்யம் பண்ணிடணும். அது நானூறு காட்டினா மறுபடியும் ரொப்பணும். முள்ளைப் பாக்கக் கூடாது, குட்டி மீட்டரைத்தான் நம்பணும். இது எங்க வீட்டுச் சட்டம்.

அந்தச் சட்டம்தான் போன மாசம் எங்க மானத்தை வாங்கிடுச்சு. தங்கச்சி வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். நல்ல துணியெல்லாம் உடுத்திக்கிட்டு, தலையெல்லாம் வாரிக்கிட்டுப் போறோம். சரியா அவ வீட்டு வாசலுக்குக் கொஞ்சம் முன்னாடி, வண்டி விக்கிச்சு, ரெண்டு தடவை குலுக்குச்சு, நின்னுடுச்சு. தங்கச்சி வீட்டுக்காரரு வாசல்ல நிக்கறாரு. பின்னாடி அவரோட புது வண்டி. சாவியை அமுக்கினா கண்ணைச் சிமிட்டுமே, அந்த ரகம். நான் தள்ளறேன், இவரு ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டுத் தள்ளறாரு. அவரு சொல்றாரு, சகலை, வண்டியைக் கூட்டிட்டு வந்தீங்களா, தூக்கிட்டு வந்தீங்களான்னு. எனக்கு எரிஞ்சுது பாருங்க! எங்க வண்டியை நான் திட்டலாம். அவரு யாரு திட்டறதுக்கு?

தாடி வந்து பாத்துட்டு, டேங்க்ல சொட்டு பெட்ரோல் இல்லைன்னுட்டாரு. இவரு குட்டி மீட்டரைக் காட்டறாரு, நூறுகூட ஓடல, ரொப்பின பெட்ரோல் எங்க போச்சுன்னு கேக்கறாரு. தாடி டேங்கைப் பாத்தாச்சு, குழாயைப் பாத்தாச்சு, எங்கயும் ஒழுகலைன்னு சொல்லியாச்சு. இவரு கேக்கல. ஒழுகுதுன்னு ஒரே பிடிவாதம். குழாயெல்லாம் மாத்த வெச்சாரு. ராத்திரி அடியில அட்டை விரிச்சு வெச்சு, விடிஞ்சதும் ஓடிப் போய்ப் பாப்பாரு. அட்டை சருகு மாதிரி காஞ்சு கிடக்கும். அப்புறம் யாரோ திருடறாங்கன்னு மூடிக்குப் பூட்டு போட்டாரு. மாடி வீட்டு வாத்தியார் மேல சந்தேகப்பட்டு, அவரோட ஒரு வாரம் சரியாப் பேசல. பாவம், அந்த மனுஷன்கிட்ட இருக்கறது சைக்கிள்.

இப்பவும் அதைத்தான் தேடிட்டு இருக்காரு அடியில. மோந்து மோந்து பாத்துட்டு இருக்காரு.

விக்கணும்னு சொன்னது நான்னு நினைக்கிறீங்களா? எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. நான் இல்ல தம்பி. அவருதான். போன வாரம் சாப்பிட உக்காந்தவரு தட்டையே பாத்துட்டு இருந்தாரு. என்னங்கன்னு கேட்டேன். "எங்க ஒழுகுதுன்னு தெரியாத வண்டியில உன்னை உக்கார வெக்க மாட்டேன். ஒரு பொறி பட்டா என்ன ஆகும்? உன் பக்கக் கதவு வேற உள்ள இருந்து திறக்காது" அப்படின்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. மறுநாள் விளம்பரம் போட்டுட்டாரு. அதுலயும் பாருங்க, பெட்ரோல் ஒழுகுது, சரி பண்ணிட்டுத்தான் ஓட்டணும்னு முதல் வரியிலயே போட்டுட்டாரு. அந்த மாதிரி மனுஷன்.

நான் என் தட்டை மூடி வெச்சுட்டு எழுந்துட்டேன்.

காபி எடுத்துக்குங்க, ஆறிடப் போகுது. ...என்ன, பிடிச்சிருக்கா? ஒழுகலை நீங்களே சரி பண்ணிக்குவீங்களா? அட்வான்ஸ் இன்னைக்கே குடுத்துடறீங்களா? ஐயய்யோ... கையைப் பாக்கெட்டுல இருந்து எடுங்க முதல்ல. இவ்வளவு நேரம் நான் என்ன சொல்லிட்டு இருக்கேன், நீங்க என்ன கேட்டுட்டு இருக்கீங்க! வைப்பர் ஆடுதுன்னு சொன்னேன், டிக்கி மூடாதுன்னு சொன்னேன்... உங்களுக்கும் முதல் பாதி மட்டும்தான் கேக்குமா?

சரி. கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. இதை யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டதான் சொல்றேன்.

ஒழுகல தம்பி. இந்த வண்டியில எதுவும் ஒழுகல. பெட்ரோலைக் குடிச்சது நான்தான்.

முழிக்காதீங்க, சொல்றேன். நான் டிரைவிங் ஸ்கூல் போய் முறையாக் கத்துக்கிட்டவ. லைசென்ஸ் இருக்கு. முதல் நாள் இவரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எடுத்தேன், வாசல் கேட் தூண்ல உரசிட்டேன். அதோ, பின்கதவுல அந்தக் கோடு. இவரு ஒரு வார்த்தை சொல்லல. ஆனா சாயங்காலம் பூரா அந்தக் கோட்டைத் தடவிட்டே நின்னாரு. திட்டியிருந்தாப் பரவாயில்ல, சண்டை போட்டுட்டு மறந்திருப்பேன். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. இனிமே ஸ்டியரிங்கையே தொட மாட்டேன்னு சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதானே? வாயை விட்டுட்டு அப்புறம் எந்த முகத்தோட சாவியைக் கேக்கறது?

இவரு வேலைக்குக் கம்பெனி பஸ்ல போயிடுவாரு. வண்டி வாசல்ல சும்மா நிக்கும், சாவி ஆணியில தொங்கும். ஒரு நாள் சும்மா ஸ்டார்ட் பண்ணித்தான் பாத்தேன். அப்புறம் தெருமுனை வரைக்கும். அப்புறம் குடோனுக்கு அந்தப் பக்கம் பெரிய ரோடு இருக்குல்ல, அது வரைக்கும். கண்ணாடியை இறக்கி விட்டுட்டு, பாட்டு பாடிக்கிட்டு, பிஸ்கட் தின்னுக்கிட்டு... அடடா! ஒருத்தர் என்னைக் கூப்புடல, ஒருத்தர் தண்ணி கேக்கல. வண்டி வெண்ணெய் மாதிரி போகுது. இவரு மாத்தின பெல்ட்டு, இவரு ஊத்தின ஆயிலு, எல்லாம் எனக்குத்தான் வேலை செஞ்சுது.

குட்டி மீட்டர் காட்டிக் குடுத்துடுமே? அங்கதான் நான் மூளையை உபயோகிச்சேன். கிளம்பும்போது நாப்பதுன்னு காட்டுச்சுன்னா, ஆசை தீர ஓட்டிட்டு வந்து பட்டனை அமுக்குவேன், பூஜ்யம். அப்புறம் நாப்பது வர்ற வரைக்கும் மறுபடியும் ஓட்டுவேன். சும்மாச் சுத்திட்டே இருப்பேன். ஓட்டினதை மறைக்கறதுக்காக இன்னும் ஓட்டினவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்! பெட்ரோல் போடணும்னு ஒரு நாள்கூடத் தோணல தம்பி, சத்தியமா. ஓட்டக் கத்துக் குடுத்தாங்க, ரொப்பக் கத்துக் குடுக்கல.

அதனால... நீங்க ஒரு உதவி பண்ணணும். வண்டி பிடிக்கலைன்னு அவருகிட்ட சொல்லிட்டுப் போயிடுங்க. கலரு பிடிக்கலைன்னு சொல்லுங்க. நல்ல பையனா இருக்கீங்க, உங்களுக்கு வேற வண்டி கிடைக்கும். அவருகிட்ட நானே ஒரு நாள் நேரம் பாத்து மெதுவாச் சொல்லிக்கறேன். இந்த மாசம் இல்லைன்னா அடுத்த...

தம்பி. அந்த விரலைப் பாருங்க.

ஏன் ஆடல?

...ஏங்க. ஏங்க! பாட்டு ஓடுதுல்ல? ...என்னது? சார்ஜ் தீர்ந்து ரொம்ப நேரமாச்சா? எதுலேருந்து கேட்டீங்க? பிரஷ்ஷுலேருந்தா!

அப்போ ஏன் சும்மாப் படுத்துக் கிடந்தீங்க? ஒரு இருமலாவது இருமக் கூடாதா? காலு ரெண்டும் குலுங்குது... என்ன பண்றீங்க அங்க? சிரிக்கிறீங்களா? சிரிங்க, நல்லாச் சிரிங்க. மண்டையை இடிச்சுக்காதீங்க. இந்தா, இடிச்சாச்சு. வலிக்குதா? வெளிய வாங்க. மூஞ்சி பூராக் கரி. இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு பாருங்க தம்பி, நீங்களே சொல்லுங்க...

தம்பி?

எங்க போனாரு? காபியைக் குடிச்சுட்டு டம்ளரை பானெட்டு மேல வெச்சுட்டுப் போயிட்டாரு. சொல்லிக்கவே இல்ல. நல்ல பையன்.

என்னங்க இது, கையை நீட்டறீங்க? சாவியா? ...நானா? இப்பவா? பெட்ரோல் ரொப்பிட்டு வர்றதுக்கா? தூண் இருக்கு, சொல்லிட்டேன். மறுபடியும் உரசினா தடவிட்டு நிக்கக் கூடாது, திட்டணும். சரியா? ரொப்பிட்டு நானே பட்டனை அமுக்கணுமா? அமுக்கறேன். அதுல எனக்கு நல்ல பழக்கம்.

நீங்க எங்க உக்காரப் போறீங்க? அந்த சீட்லயா? அப்போ இறங்கும்போது நான்தான் சுத்தி வந்து கதவைத் திறந்து விடணும். விடறேன், விடறேன். எதிர் வீட்டம்மா வாசல்லதான் நிக்கறாங்க, பாக்கட்டும். மூஞ்சியை மட்டும் துடைச்சுட்டு வந்து உக்காருங்க.