இரண்டாவது மனுவின் நகல்

ஐயா,

மழைக்காலத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் கார்பன் காகிதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் முகப்பவுடர் தூவி வைத்தால் சுலபமாகப் பிரிந்து வரும். இருபது வருடமாக யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிடங்கின் வாசலில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். என் நகல்கள் மங்கியதில்லை. இத்துடன் வைத்திருப்பதும் தெளிவாகவே இருக்கும்.

என் தம்பி அப்பு தங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். தபாலில் சேர்த்த பிறகுதான் என்னிடம் சொன்னான். கைப்பிரதியைப் படித்துப் பார்த்தேன். குற்றம் முழுவதும் தன்னுடையதே என்கிறான். ஒரு தேதி தவறு. வேறொருவர் செய்ததையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான். காணாமல் போன படகின் விசாரணைக் கோப்பில் அப்படி இருக்கக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

1974-இல், கடற்கரையை விமானத்திலிருந்து படமெடுக்கும் ஒரு சர்வே கம்பெனி, கருவிப் பார்வையாளர் வேலைக்கு ஆள் கேட்டது. விமானத்துக்குள் உட்கார்ந்து ராடார் திரையையும் காமிராவையும் கவனிக்க வேண்டும். பக்கத்து ஜன்னல் வழியே கண்ணாலும் பார்த்துக் குறிக்க வேண்டும். படகு காணாமல் போனால் அரசாங்கம் அதே விமானத்தைத் தேட அனுப்பும். தகுதிகளை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன். கணக்கும் பௌதிகமும் படித்த எஸ்.எஸ்.எல்.சி., இருபத்துநான்குக்கு மேற்படாத வயது, கண்ணாடி இல்லாத பார்வை, இரு காதும் சரியாகக் கேட்பது, ஆட்டத்தில் வாந்தி எடுக்காத வயிறு, எட்டு மணி நேரம் அலுக்காமல் ஒரே இடத்தைப் பார்க்கும் பொறுமை. கடைசி வரி: நிறங்களைப் பிரித்தறியும் திறன்.

1963-இல் இதே மாதிரி ஒரு வேலைக்கு நானும் போனேன். கொல்லங்கோட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மாணவன் நான். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்களை ஒளித்து அச்சடித்த ஒரு புத்தகத்தைக் காட்டினார்கள். ஒன்பதாம் பக்கத்தில் எனக்கு வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. அப்படியே வெளியே அனுப்பிவிட்டார்கள். எனக்கும் அப்புவுக்கும் சிவப்பும் பச்சையும் ஒன்று. என் மனைவி கனகாம்பாள் அடிக்கடி சொல்வாள்: "உங்காத்து ஆம்பளேளை மொளகா வாங்க அனுப்பப்படாது. பழுத்ததும் பச்சையும் இவாளுக்கு ஒண்ணுதான்."

பரிசோதனை செய்யும் டாக்டர் புத்தகத்தை எப்போதும் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத்தான் புரட்டுவார். அவருடைய கம்பவுண்டர் நாணு என்னிடம் மாற்றல் மனு எழுத வந்தபோது அதைத் தெரிந்துகொண்டேன். பதினேழு எண்களையும் வாங்கிக்கொண்டேன். அப்புவுக்கு மூன்று வாரம் பாடம் நடந்தது.

"அண்ணா, ஒம்பதாம் பக்கத்துல எனக்கு ஒண்ணுமே தெரியாதே."

"தெரியண்டாம். கொஞ்சம் யோஜிச்சுட்டு எழுபத்துநாலுன்னு சொல்லு. போரும்."

"பிடிச்சுட்டா?"

"உன் மொகத்தைப் பாத்து ஆரும் சந்தேகப்பட மாட்டா."

அப்படியே நடந்தது. ஒன்பது வருடம் அவன் பறந்தான். தேவராவில் வீடு எடுத்தான். அவன் விமானம் மேலே போகும்போது நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பேன். எங்கள் இருவரில் ஒருவன் மேலே இருந்தான்.

சென்ற வருடம் ஆகஸ்டு ஒன்பதாம் தேதி தோப்பும்படி மீன்பிடித் துறையிலிருந்து போன ஒரு மரப் படகு திரும்பவில்லை. ஆறு பேர். அவர்களில் இசக்கிமுத்து தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். அவன் மனைவி மூக்கம்மாள் என்னிடம் வந்து எழுதி வாங்கி, விமானத்தில் தேடச் சொல்லிக் கலெக்டருக்கு மனு கொடுத்தாள். அதுதான் முதல் மனு. பன்னிரண்டாம் தேதி விமானம் போனது. புறப்படும் முன் என் மனுவையே குழுவுக்கு வாசித்துக் காட்டியதாக அப்பு சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று மாலை அவன் என் வீட்டுக்கு வந்து சாயா குடித்துக்கொண்டே பேசினான். மரப் படகு அலைக்கு நடுவில் ராடாரில் தெரியாது, கண்தான் துணை என்றான். "ஒண்ணும் கெடைக்கலை அண்ணா. முப்பது மைலுக்கு அப்பால ஒரு திட்டுப் பாயல் மட்டும். இவ்வளவு தூரம் ஒழுகி வந்துருக்கு பாருங்கோ. என் பக்கத்து ஜன்னல்லதான் தெரிஞ்சுது, பாயல்னு சொன்னேன். ரெண்டு தடவை மேலே சுத்திட்டுத் திரும்பிட்டோம்."

மழையில் காயல் பெருகும்போது ஆப்பிரிக்கப் பாயல் என்னும் பச்சை நீர்ச்செடி, காயல் கடலில் சேரும் அழிமுகம் வழியே திட்டுத் திட்டாகப் போவது இங்கே எல்லோரும் பார்ப்பதுதான். ஆனால் உப்பு நீர் பட்டால் இரண்டு நாளில் அழுகிவிடும். முப்பது மைலுக்கு அப்பால் பச்சையாக மிதக்காது. அவன் களைத்திருந்தான், அதை யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நிச்சயம் இல்லை. இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நிச்சயம் மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தது. மூக்கம்மாள் மறுபடி வந்து நின்றாள்.

"சாமி, ஒண்ணு சொல்ல விட்டுப் போச்சு. படகுல புதுத் தார்ப்பாய் கெடக்கு. செவப்பு. ஆபத்துன்னா அத விரிச்சுக் காட்டணும்னு பேசி வச்சிருக்காவ. பிளேன்காரங்ககிட்டச் சொன்னா சட்டுனு கண்டுபிடிச்சிருவாங்கல்லா?"

"கண்டுபிடிச்சுடுவா" என்றேன்.

உட்காரச் சொல்லிவிட்டுக் காகிதத்தைச் செருகினேன். சிவப்புத் தார்ப்பாய் என்று மனுவில் இருந்தால் அதையும் வாசிப்பார்கள். நேற்று அப்படி ஏதாவது கண்டாயா என்று அப்புவைக் கேட்பார்கள். அவன் பாயலைப் பற்றிச் சொல்வான். பிறகு யாராவது அந்தப் புத்தகத்தை எடுத்து நடுப்பக்கத்தைத் திறந்து காட்டுவார்கள். தனியாக அவனிடம் மட்டும் சொல்லலாமா என்றும் நினைத்தேன். சொல்லியிருந்தால் அன்றே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருப்பான்; சுபாவம் அப்படி. ஒன்பது வருட உழைப்பை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடலில் இருப்பவர்களுக்குக் கப்பல் ஏதாவது எதிர்ப்படும் என்று நம்பினேன். ஒரு கப்பல் எதிர்ப்படவும் செய்தது, இருபதாம் தேதி.

விமானம் பதின்மூன்றாம் தேதி மதியம் வேறு பக்கம் தேடிவிட்டுத் திரும்பியது. அந்தக் கப்பலுக்கு உயிரோடு கிடைத்த ஒரே ஆள் ராசப்பனின் வாக்குமூலம் தங்களிடம் இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி விமானம் இரண்டு முறை தலைக்கு மேல் வந்ததாகவும், நான்கு பேர் தார்ப்பாயின் நான்கு மூலையையும் பிடித்து உதறியதாகவும், அது சாய்ந்து திரும்பிப் போனதாகவும் சொல்லியிருக்கிறான். பதினாறாம் தேதி வரை ஆறு பேரும் உயிரோடிருந்தார்கள் என்பதும் அதில் உண்டு. அதைக் கேட்ட பிறகுதான் அப்புவுக்குப் புரிந்தது. "அது பாயல் இல்லையாக்கும் அண்ணா" என்றான். "பாயல்தான்" என்றேன். அவன் நம்பவில்லை. எட்டு மாதம் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, தங்களுக்கு எழுதிவிட்டான். அவன் தவறு, எண்களை மனப்பாடம் செய்தது. அதையும் நான் சொல்லித்தான் செய்தான். குற்றத்தின் தேதி பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறான்; பதின்மூன்று என்று திருத்த வேண்டும். அந்தக் காலையைப் பற்றி அவனுக்கு இன்றுவரை தெரியாது.

அன்று காலை மனுவை அடித்து முடித்தேன். இசக்கிமுத்துவின் வயது, படகின் நீளம், ஆறு பேரின் பெயர், தேடலைத் தொடரும்படி பணிவான வேண்டுகோள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவள் கட்டைவிரலை மையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"செவப்புத் தார்ப்பாய எழுதிட்டீயளா சாமி?"

"எழுதியாச்சு" என்றேன்.

விரலைப் பிடித்து, கலையாமல் பதிய வைத்தேன். துடைத்துக்கொள்ளத் துணியும் கொடுத்தேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நகலைத் தாங்களே படித்துப் பாருங்கள். அந்த ஒரு வரி இல்லாததைத் தவிர மனுவில் எந்தக் குறையும் இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
கொ. நீலகண்டன்