நீலக் கொடுக்கும் பூட்டிய அறையும்

பத்தொன்பது ஆண்டுகளாகத் தமிழ்ச் சங்கத் தலைவர் நாற்காலியை ஆறவிடாமல் காத்துவரும் அண்ணன் குப்புசாமி அவர்களே! அவர் இருமினாலும் கைதட்டும் செயற்குழுவினரே! மண்டி மொஹல்லா நெரிசலில் வண்டி நிறுத்த இடம் கிடைத்தும் மண்டபத்தில் உட்கார இடம் கிடைக்காத பெரியோர்களே! பிள்ளைகளை மாடிப்படியில் உட்காரவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் ஹனூர்க் கனகாவின் வணக்கம்.

பண்பாட்டைப் பற்றி ஏழு பேர் பேசிவிட்டார்கள். நான் குளத்தில் இறால் வளர்ப்பவள், எனக்குத் தெரிந்தது இறால்தான். பின்வரிசைத் தம்பி, நாக்கைச் சப்புக்கொட்டாதே, இது வறுவலுக்கல்ல, அறிவுக்கு!

நன்னீர் இறாலில் ஆண்கள் மூன்று வகை. நீலக் கொடுக்குக்காரர் பெரியவர். பெண்களுக்குக் காதலும் காவலும் அவரே. அதிலேயே சத்தெல்லாம் கரைவதால் அதற்குமேல் வளரமாட்டார். ஆரஞ்சுக் கொடுக்குக்காரர் கல்யாணப் பேச்சையே எடுக்காமல் மளமளவென்று வளர்வார். மூன்றாமவர் குட்டை. பெரியவர் இருக்கும்வரை வளரமாட்டார், ஆனால் அவர் அசந்த நேரத்தில் சம்பந்தம் முடித்துவிடுவார்! பெண்ணின் பாடு? முட்டை சுமக்கும்போது மேலோட்டை உரிக்க முடியாது, உரிக்காமல் வளர முடியாது. வம்சமா, வளர்ச்சியா? இருக்கிற ஒரு வயிற்றை எதற்கென்று பங்கு வைப்பாள்? தாய்மார்கள் பெருமூச்சு விடுகிறீர்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் கரியப்பன் பக்திமான். முதல் பிடி சாமிக்கு, மலை மாதேஸ்வரனுக்கோ உயிர்ப்பலி ஆகாது என்று, அதில் சிக்கிய நீலக் கொடுக்குகளையெல்லாம் கும்பிட்டுக் குளத்திலேயே விட்டார். விளைவு? மாதக்கணக்காகத் தீனி போட்டும் குட்டைகள் சுண்டுவிரலைத் தாண்டவில்லை. மீன்வளத் துறையிலிருந்து வந்த பெண் கரையில் நின்று பார்த்தாள்.

“பெருசுகள எடுத்துருங்கக்கா. சின்னதுக தானா வளந்துக்கும்.”

வீட்டுக்காரர் கண் கலங்கினார், நான் வலையை எடுத்தேன். ஒன்றரை மாதத்தில் குட்டைகள் உள்ளங்கையை நிறைத்தன.

விஷயத்துக்கு வரச் சொல்கிறார் செயலாளர். வந்துவிட்டேன் ஐயா! நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பேச்சு கன்னடம், படிப்பு ஆங்கிலம். தமிழுக்கென்று இருப்பது ஞாயிற்றுக்கிழமை சுசித்ரா எடுக்கும் ஒரு மணி நேரம். அதுவும் இந்த மண்டபத்து மாடிப்படியில்! நாற்பது பிள்ளைகள் முழங்காலில் நோட்டை வைத்து எழுதுகிறார்கள். படி ஏறினால் தலைவர் அறை. பூட்டு! உள்ளே இருப்பது யார்? அண்ணனுக்குப் போர்த்திய சால்வைகள்! இன்றோடு வகுப்பை நிறுத்திவிடுவதாகச் சொல்லி அந்தப் பெண் காலையில் அழுதாள். சால்வைக்கு அறை, பிள்ளைக்குப் படிக்கட்டா? இதுவா சங்கம்? இதுவா தமிழ்?

பயப்படாதீர்கள் அண்ணா, நான் வலை கொண்டுவரவில்லை. நாற்காலி உங்களுக்கே இருக்கட்டும், அறையை விடுங்கள்.

கைதட்டாதீர்கள், அண்ணன் ஏதோ கேட்கிறார்.

“அத்தன சால்வையும் எங்கம்மா வெக்கறது?”

“கீழ விரிச்சுருங்கண்ணா. புள்ளைக உக்காந்து எழுதட்டும்.”

அண்ணன் சிரித்துவிட்டார். சாவி மேசைக்கு வந்துவிட்டது. சுசித்ரா, பிள்ளைகளை மேலே கூட்டிப் போ. அண்ணனுக்கு நன்றி, பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்!