கல்லில் வெட்டிய ஊர்

நிலாவெளி பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள்.

"சவக்காலையில அப்பப்பாவின்ர கல்லறையைக் கண்டுபிடிச்சிட்டன். கண்டுபிடிக்காமலே விட்டிருக்கலாம்," என்றான் அண்ணன்.

"ஏன் அண்ணா? அவர் இஞ்ச பிறந்தவர் எண்டு காட்டினால்தானே எங்களுக்குப் பிரஜாவுரிமை தருவினம்?"

"பிறந்த ஊர் நாகப்பட்டினம் எண்டு கல்லில வெட்டியிருக்கு."

அவள் குரல் இறங்கிவிட்டது. "அதைக் கண்டால் எங்களை இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திப்போடுவாங்கள். வேற ஆரும் பார்த்தவையோ?"

"இல்லை. மண்ணள்ளி மூடிட்டு வந்தனான். ஆனா வேதக்கோயில் பதிவில பேரைக் கண்டவுடனேயே, கல்லறை இருக்கெண்டு பிரஜாவுரிமைக் கந்தோரில சொல்லிப்போட்டன். திங்கட்கிழமை வந்து பார்ப்பினமாம்."

"அப்ப ஞாயிறு பூசை முடிய ரெண்டு பேரும் போவம். கல்லைப் பேர்த்தெடுக்க அலவாங்கு கொண்டு வாங்கோ."

அவன் பஸ்ஸுக்குள் சுற்றிப் பார்த்தான். அவன் கண் என்மேல் வந்து நின்றது. நான் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தேன்.