நாற்காலியும் வீட்டோடதான்

– குதிக்காத இயாந்தி! பலகை தாங்கும். அடியில படுத்திருக்கிற சீபர்ட் தாங்குவானா?

– வாங்கப் போற வீட்டைக் குதிச்சுப் பாக்காம வேற எதைக் குதிச்சுப் பாக்கிறது? டேய் சீபர்ட்டு! உயிரோட இருக்கியாடா?

– இருக்கேங்க்கா! வாயெல்லாம் மண்ணுதான். கேட்டீங்களா, அடிச்சட்டம் ஒண்ணுகூட இளகல. கரையான் எட்டிக்கூடப் பாக்கல.

– ஏண்டா, உன்னைக் கூட்டியாந்தது நான். குத்தம் குறை ரெண்டு சொன்னாத்தானே நான் விலையைக் குறைச்சுக் கேக்கலாம்?

– தச்சுவேலையில பொய் சொன்னா கை விளங்காதுக்கா. அதோட, கேட்டீங்களா, நம்ம கிளேர்மான்ட் டிரைவர் காலையிலேயே எனக்கு ரம் ஊத்திட்டாரு.

– அதானே பாத்தேன். கிளேர்மான்ட், மூலையெல்லாம் ஆணியா, போல்ட்டா?

– ஆண்டவனே! என்னைப் பாத்தா ஆணி அடிக்கிறவனாவா தெரியுது? எல்லாம் போல்ட்டு. எங்கப்பா இந்தப் பலகை வீட்டைச் செயின்ட் ஜான் பக்கம் கட்டினாரு. நான் வெரோனாவைக் கட்டிக்கிட்டப்போ சுவர் சுவராக் கழட்டி லாரியில ஏத்தி, அவ வீட்டு ஆளுங்க வாடகைக்கு எடுத்திருந்த இந்த மண்ணுக்குக் கொண்டாந்தேன். காலையில அங்க கழட்டினது, சாயங்காலம் இங்க அடுப்பு எரிஞ்சுது. ஒரு கண்ணாடி உடையல.

– ஞாபகமில்லாம என்ன? பின்னாடியே நாங்க பொம்பளைங்கெல்லாம் பாட்டுப் பாடிக்கிட்டு நடந்து வந்தோம். வெரோனா வெக்கத்துல வெளியவே வரல.

– வராம? பார்படோஸ்ல பொம்பளை மண்ணுல ஆம்பளையோட வீடு இறங்கிருச்சுன்னா முடிஞ்சுது கதை. மோதிரமெல்லாம் அப்புறம்தான். அவ போய்ச் சேந்தப்புறம் இந்த வீட்டுல நானும் நாயும் மட்டும்தான்.

– சரி, போகட்டும். மண்ணுக்காரன் என்னதான் சொல்றான்?

– என்னத்தைச் சொல்றான்! அப்பன்காரன் இருந்தவரைக்கும் ஒரு பேச்சுப் பேசினதில்ல. மகன் வந்து, 'மாமா, மாசக் கடைசிக்குள்ள உங்க வீட்டை எடுத்துக்கிட்டுப் போயிருங்க, நான் ஓட்டல் கட்டப் போறேன்'ங்கிறான். வீடு என்னுது, மண்ணு அவனுது. என்னன்னு சண்டை போடுறது? தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன், கடலுக்கா?

– எனக்கு அது நேர் தலைகீழு. மீன் போண்டா வித்து மேட்டுத் தெருவுல சொந்தமா மண்ணு வாங்கிட்டேன். மேல வைக்க வீடு இல்லாம இன்னும் தங்கச்சி வீட்டு சோபாவுல சுருண்டு கிடக்கேன்.

– அதான் சொல்றேன், நீயே எடுத்துக்கோ. உன்கிட்ட போனா எனக்கு நிம்மதி. நான் டொரன்டோவுல ரோஷெல் கூடப் போய் இருந்துக்கறேன்.

– பெத்த மகளோட இருக்கப் போற ஆளு மூஞ்சி ஏன் விக்காத மீன் மாதிரி கிடக்கு?

– குளிரும்மா! போன தடவை மீசையில ஐஸ் கட்டிருச்சு. டாமினோ ஆட ஒரு ஆள் கிடையாது. சன்னல் பக்கம் உக்காந்து, எதுத்த வீட்டுக்காரன் பனி வாரிப் போடுறதை வேடிக்கை பாக்கணும். அவன் வாரி முடிச்சு உள்ள போவான், மறுபடியும் கொட்டும். எனக்குப் போக மனசே இல்ல இயாந்தி, உன்கிட்ட சொல்றதுக்கென்ன. ஆனா வேற போக்கிடம்?

– ரோஷெல் என்ன சொல்றா?

– அந்தப் பொண்ணு போக்கும் புரியல. 'வாப்பா வாப்பா'ன்னு உயிரை எடுத்தா. இப்ப டிக்கெட்டைப் பத்திக் கேட்டா, 'மெதுவாப் பாத்துக்கலாம்ப்பா'ன்னு சிரிக்கிறா. எனக்கு இன்னும் ஒரு கோட்டுகூட வாங்கி வைக்கல.

– சரி, போகட்டும். இந்த ஆடுற நாற்காலி?

– அது சீபர்ட்டுக்கு. ஏற்கெனவே சொல்லிட்டேன்.

– எனக்கு வேண்டாம் டிரைவரே! கேட்டீங்களா, அது உங்க இடுப்புக்குப் பழகின நாற்காலி. நான் உக்காந்தா தள்ளி விட்டுரும்.

– கேட்டியா? நாற்காலியும் வீட்டோடதான்.

– நல்லா இருக்கே கதை! சரி, எடுத்துக்கோ.

– ரேடியோ?

– அதுல கிரிக்கெட் மட்டும்தான் நல்லாக் கேக்கும். உனக்குக் கிரிக்கெட்டுன்னாலே வேப்பங்காயாச்சே.

– நான் கேக்கப் போறேன்னு யார் சொன்னா? வீடுன்னா ஒரு சத்தம் வேணும். இருக்கட்டும். அந்த ஆணியில தொங்குதே, பஸ் ஓட்டினப்பப் போட்ட தொப்பி?

– என் தொப்பியை வச்சு நீ என்ன பண்ணுவ? போண்டாவை மூடி வைப்பியா?

– அதைத் தொடாத. இருந்த இடத்துலயே இருக்கட்டும்.

– இப்படியே போனா என் பல்செட்டையும் கேப்ப போலிருக்கே!

– அது எங்க இருக்கு?

– வாயிலதான்!

– அப்ப தனியாக் கேக்க வேண்டியதில்ல.

– டேய் சீபர்ட்டு, கீழ என்னடா சிரிப்பு?

– சிரிப்பு இல்ல டிரைவரே, தூசி. கேட்டீங்களா, மூக்குல தூசி.

– இந்த ஊருக்கே என்னமோ ஆயிருச்சு இயாந்தி. நான் கிளம்புறேன்னு தெரிஞ்சதும் எல்லாருக்கும் பாசம் பொத்துக்கிட்டு வருது. லாரிக்காரன் சுத்தமா வாடகை வேண்டாங்கிறான். உங்க தெருப் பொம்பளைங்க வரிசையா வந்து சர்க்கரைவள்ளிப் புட்டிங் வச்சுட்டுப் போறாங்க, நாயும் நானும் தின்னு தீரல. நேத்து ஃபாதர் காரை நிறுத்தி இறங்கி வந்து என் கையைக் குலுக்குறாரு. 'நல்ல முடிவு கிட்டன்ஸ், நல்ல முடிவு'ன்னு. என்னை ஊரைவிட்டு அனுப்புறதுல அந்த மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷமா?

– கோயில் பக்கமே தலை காட்டாதவனுக்குக் கை குடுத்தாரே, அதுவே பெருசு.

– ஞாயித்துக்கிழமை டாமினோ நாளும்மா. அது ஆண்டவனுக்கே தெரியும்.

– சரி, போகட்டும். அடுத்த சனிக்கிழமை லாரி. தூக்க வர்ற ஆளுங்களுக்கு சோளமாவுக் களியும் கோலா மீன் குழம்பும் என் பொறுப்பு. ரம் உன் பொறுப்பு. வீட்டை எந்தப் பக்கம் பாத்து இறக்கலாம், சொல்லு.

– வாசல் கடலைப் பாத்து இருக்கட்டும். படுக்கையறையை உன் ஈரப்பலா மரத்துப் பக்கம் திருப்பி வை. மத்தியானத் தூக்கத்துக்கு நிழல் வேணும்.

– கட்டில்ல நீ எந்தப் பக்கம் படுப்ப?

– சுவர்ப் பக்கம்... ஏம்மா, நான் எந்தப் பக்கம் படுத்தா உனக்கென்ன?

– கேட்டு வச்சுக்கிறேன்.

– இரு இரு. நாற்காலி, ரேடியோ, தொப்பி, இப்ப கட்டில்ல சுவர்ப் பக்கம். வந்ததுல இருந்து விலை என்னன்னு நீ ஒரு வார்த்தை கேக்கல. இயாந்தி பிளாக்கெட், நீ என்னதான் வாங்க வந்திருக்க?

– அப்பாடா, எட்டிருச்சு! பஸ்ஸுக்கும் இப்படித்தான் பிரேக் புடிப்பியா, ஸ்டாப் தாண்டினப்புறம்?

– சீபர்ட்டு, நீ வெளிய போடா!

– நான் வெளியதானே இருக்கேன் டிரைவரே!

– அவன் இருக்கட்டும். வருஷக்கணக்கா தினமும் சாயங்காலம் என் வண்டி முன்னாடி வந்து நிக்கிறியே, மிளகாய்ச் சாஸ் கொஞ்சமாப் போடுன்னு சொன்னதைத் தவிர வேற ஒரு வார்த்தை பேசியிருக்கியா? இன்னிக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு நானும் பாத்தேன். மண்ணுக்காரன் வாயைத் திறந்து மண்ணைக் கேட்டுட்டான், நீ கேக்கல.

– எனக்கு மீன் போண்டா ஆகாதும்மா.

– என்னது?

– நெஞ்சைக் கரிக்கும். வாங்கிட்டு வந்து நாய்க்குப் போட்டுருவேன்.

– ஒரு நாள் விடாம வாங்கினியே!

– அதான் சொல்றேனே. போண்டாவுக்கா வந்தேன்? உன்னைப் பாக்கத்தான் வந்தேன், போதுமா? அன்னிக்கு நீ காய்ச்சல்ல வண்டி போடலேன்னு தெரிஞ்சப்போ எனக்கு ராத்திரிச் சோறு இறங்கல. கனடாவுல குளிரைவிடப் பெரிய பயம், சாயங்காலம் ஆனா எங்க போய் நிக்கிறதுன்னுதான். சீபர்ட்டு, காதைப் பொத்திக்கோடா!

– பொத்திட்டேன் டிரைவரே! கேட்டீங்களா, உங்க நாய் ஏன் நடக்க முடியாம நடக்குதுன்னு இப்பத்தான் புரியுது.

– இவ்வளவையும் வாய்க்குள்ள வச்சுக்கிட்டு விமானம் ஏறப் பாத்தியே, மனுஷனா நீ?

– திட்டு, நல்லாத் திட்டு. ஆனா காரியம் கைமீறிப் போச்சும்மா. அடுத்த சனிக்கிழமை என் வீடு உன் மண்ணுல இறங்கினா ஊர் சும்மா இருக்குமா? என்னை என்ன வேணா பேசட்டும். உன்னை ஒரு சொல் சொன்னா நான் தாங்கமாட்டேன். முறையா செய்யணும்னா கோயில்ல மூணு ஞாயிறு நம்ம பேரைச் சொல்லிக் கல்யாண ஓலை வாசிக்கணும். தடை சொல்ல ஆள் உண்டான்னு மூணு தடவை சபையைக் கேக்கணும். நமக்கு நடுவுல இருக்கிறது ஒரே ஒரு ஞாயிறு.

– ஒண்ணு போதும்.

– எப்படிம்மா போதும்? உனக்காக மூணை ஒண்ணாக் குறைப்பாரா ஃபாதர்?

– போன ஞாயிறும் அதுக்கு முந்தின ஞாயிறும் நீ எங்க இருந்த கிளேர்மான்ட்?

– டாமினோ ஆடினேன். வேற எங்க இருப்பேன்?

– அதான். ஃபாதர்கூட முதல்ல தயங்கினாரு, 'கிட்டன்ஸுக்கு இதுல சம்மதம்தானா'ன்னு. 'இல்லேன்னா வந்து தடை சொல்லுவாருல்ல ஃபாதர், நீங்க வாசிங்க'ன்னேன்.

– ஆண்டவனே! அப்ப அந்தப் புட்டிங்... லாரி... ரோஷெல் கோட்டு வாங்காதது...

– ரெண்டு தடவை வாசிச்சாச்சு, ஊரே உக்காந்து கேட்டுச்சு, ஒருத்தரும் வாயைத் திறக்கல. உனக்குத் தடை சொல்லணும்னா இன்னும் ஒரு ஞாயிறு பாக்கி இருக்கு. ஆனா அதுக்கு நீ கோயிலுக்கு வரணும்.